வியன்னாவில் 'அன்ஷ்லுஸ்' நடைச் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் காலுக்கு நல்ல ஷூ வேண்டும், ஜெர்மன் ஓரளவாவது காதில் ஏற வேண்டும், அப்புறம் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

இரண்டரை மணி நேரம், ஒரே ஒரு சொல். அன்ஷ்லுஸ். உலக வரலாறு படித்தவர்களுக்கு இது 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டதன் பெயர். எனக்கோ இது சோறு போடும் சொல். நூரெம்பெர்கில் மின்பலகை வடிவமைப்பது என் வேலை. நான் வரையும் தாள்களில் இந்தச் சொல் இல்லாத தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெட்ஸ்அன்ஷ்லுஸ் என்றால் மின்வலையோடு இணைப்பு. ஹவுஸ்அன்ஷ்லுஸ் என்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு. மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டும் படத்துக்கும் இதே பெயர்தான். வேலை முடிந்து ரயில் ஏறினால், இறங்கி மாற வேண்டிய அடுத்த வண்டியும் அன்ஷ்லுஸ். இரண்டு கோல் பின்தங்கிய அணி ஒரு கோல் திருப்பிப் போட்டால் அதுவும் அன்ஷ்லுஸ் கோல். இவ்வளவு சாதுவான ஒரு சொல் எப்படி அந்த மார்ச் மாதத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது என்ற கேள்வி ஜெர்மனிக்கு வந்த காலத்திலிருந்தே எனக்கு உண்டு.

நடத்துவது ஒரு சிறு நிறுவனம். குறைகளும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். 1938 பற்றிய நடைச் சுற்றுலாக்கள் வியன்னாவில் வேறும் உண்டு, எதில் போனாலும் பாதி இடங்கள் இவையாகத்தான் இருக்கும். வியன்னாவில் முதுகலை படிக்கும் என் அண்ணன் மகன்தான் கண்டுபிடித்தான். "சித்தப்பா, உங்க ஆபீஸ் வார்த்தையை வச்சு ஒரு டூர் நடத்துறாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுட்டியை அனுப்பிவிட்டு, நான் பதில் போடுவதற்குள் இரண்டு இடம் பதிவும் செய்துவிட்டான். வழிகாட்டி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. கையில் கொடியோ குடையோ கிடையாது. தோள்பையில் ஒரு கட்டு நகல் தாள்கள், அவ்வளவுதான். அந்தத் தாள்கள்தான் இந்தச் சுற்றுலாவின் உயிர் என்பது போகப் போகத் தெரிந்தது.

தொடக்கம் நாடாளுமன்றத்தின் முன்னுள்ள சாய்தளத்தில். மற்றவர்கள் பெரும்பாலும் ஹிட்லர் நின்ற மாடத்தின் கீழே தொடங்குவார்கள். இந்த அம்மா 1918 நவம்பர் 12-இல் தொடங்குகிறார். ஹாப்ஸ்பர்க் பேரரசு சிதறி, செக் மக்களும் ஹங்கேரியரும் தெற்கு ஸ்லாவியரும் தங்கள் வழியில் போய்விட, ஜெர்மன் பேசும் மிச்சப் பகுதி மட்டும் வியன்னாவின் கையில் நின்ற நேரம். இந்த இடத்தில்தான் அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. சிவப்பு வெள்ளை சிவப்புக் கொடி ஏறும்போது, செங்காவல் படையினர் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்து வீசிவிட்டு, மிஞ்சிய சிவப்பை ஏற்றினார்கள். அந்தக் கலவரத்தைவிட அன்றைய சட்டத்தின் இரண்டாம் பிரிவுதான் முக்கியம் என்று சொல்லி முதல் தாளைக் கொடுத்தார். ஒரே வரி: 'ஜெர்மன் ஆஸ்திரியா, ஜெர்மன் குடியரசின் ஓர் அங்கம்.' பிறந்த அன்றே தன்னை இன்னொரு நாட்டின் பகுதி என்று எழுதி வைத்துக்கொண்ட நாடு.

ஏன் என்று குழுவில் ஒருவர் கேட்டார். நிலக்கரி போஹேமியாவோடு போய்விட்டது, தானியம் ஹங்கேரியோடு போய்விட்டது, பேரரசுக்காகக் கட்டிய பெருநகரம் மட்டும் ஒரு சிறு மலைநாட்டின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, இது தனியாகப் பிழைக்காது என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. பெர்லினில் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சி என்பதால் வியன்னா சமூக ஜனநாயகவாதிகளுக்குக் கூடுதல் ஆசை. அவர்களில் ஒருவரான வெளியுறவு அமைச்சர் ஓட்டோ பவர் இதற்காகவே பெர்லினோடு பேச்சு நடத்தினார். அன்ஷ்லுஸ் அப்போது இடதுசாரிகள் ஊர்வலத்தில் தூக்கிப் போகும் சொல். நான் இதைக் கேட்டு வாயைப் பிளந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஜெர்மனியில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், இந்தச் சொல் பிறந்ததே நாஜிகள் வீட்டில் என்பதுபோல்தான் பேச்சு காதில் விழுந்திருக்கிறது.

போரில் வென்றவர்கள் விடுவார்களா? தோற்ற ஜெர்மனி போருக்குப் பின் முன்னைவிடப் பெரிதாகிவிடும் என்றால் பாரிஸ் ஒத்துக்கொள்ளுமா? 1919-இல் வெர்சாய் ஒப்பந்தத்தின் 80-ஆம் பிரிவும், ஆஸ்திரியாவுக்கான ஸான் ஜெர்மென் ஒப்பந்தத்தின் 88-ஆம் பிரிவும் கதவைச் சாத்தின. போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்தின் (League of Nations) ஒப்புதல் இல்லாமல் ஆஸ்திரியா தன் சுதந்திரத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. பெயரில் இருந்த 'ஜெர்மன்' என்ற ஒட்டும் போக வேண்டும். ஜெர்மன் குடியரசின் புதிய வைமார் அரசியலமைப்பின் 61-ஆம் பிரிவில் 'அன்ஷ்லுஸுக்குப் பிறகு' ஆஸ்திரியாவுக்கு மேலவையில் இடம் உண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். அது செல்லாது என்று பெர்லின் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. தடை வந்த பிறகும் 1921-இல் டிரோலும் சால்ஸ்பர்கும் தாங்களாகவே வாக்கெடுப்பு நடத்தின. இரண்டிலும் 98 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனி பக்கம். இன்னும் வேடிக்கை, மேற்கு ஓரத்து ஃபோரால்பெர்க் மாநிலம் 1919-இலேயே சுவிட்சர்லாந்தோடு சேரப் பேச்சு நடத்தலாம் என்று சுமார் 80 சதவீத வாக்கு போட்டது. அப்போது எல்லாருக்கும் யாரோடாவது சேர வேண்டியிருந்தது.

இந்தச் சொல்லின் பிறப்பைச் சொல்ல அந்த அம்மா தேர்ந்தெடுத்த இடம் அழகு. நாடாளுமன்றத்திலிருந்து ஃபோல்க்ஸ்கார்டன் பூங்கா பக்கம் போகும் வழியில், ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்த சைக்கிளின் அருகே நின்றார். பின் சக்கரம் வழியாகச் சங்கிலி போய் கம்பத்தைச் சுற்றி வந்து பூட்டில் முடிகிறது. சாவியைக் காட்டுவதுபோல் விரலைத் திருகிக் காட்டினார். ஷ்லீசன் என்றால் மூடு, பூட்டு. ஷ்லுஸல் என்றால் சாவி. ஷ்லோஸ் என்றால் பூட்டு, கோட்டைக்கும் அதே சொல். முன்னால் 'அன்' என்ற ஒட்டைச் சேர்த்தால், ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பூட்டுவது. சைக்கிளைக் கம்பத்தோடு. அந்தக் காலத்தில் கைதியைச் சங்கிலியோடு. நூரெம்பெர்கில் என் குடியிருப்பின் படிக்கட்டுக் கைப்பிடியில் சைக்கிளைப் பூட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிற பலகையிலும் இந்த வினைச்சொல்தான் இருக்கிறது. அதைத் தினமும் தாண்டிப் போகிறேன். வயரை டெர்மினலில் இறுக்குவதும் சைக்கிளைக் கம்பத்தில் பிணைப்பதும் ஜெர்மன் மொழிக்கு ஒரே செயல். சேர்ப்பது ஒரு பக்கம், பூட்டுவது மறு பக்கம். சாவி யார் பையில் இருக்கிறது என்பதைச் சொல் சொல்வதில்லை.

இங்கே ஒரு துணைக்கதை. வழிகாட்டி இதைத் தொடவில்லை, தொட்டிருக்கலாம். நாடுகள் விஷயத்தில் இந்தச் சொல் 1918-க்கு முன்பே சுங்கவரி அலுவலகத்தில் புழங்கியது. ஹாம்பர்க் நகரம் 1888-இல் ஜெர்மன் சுங்க எல்லைக்குள் வந்ததற்குப் பெயர் சுங்க அன்ஷ்லுஸ். துறைமுகத்தில் வரியில்லாமல் சரக்கு வைக்கத்தான் ஷ்பைஹர்ஷ்டாட் என்ற அந்தச் செங்கல் கிடங்கு வரிசையைக் கட்டினார்கள். ஆஸ்திரியாவுக்குள்ளேயே யுங்ஹோல்ட்ஸ் என்ற சிற்றூர் 1868-லிருந்தும், க்ளைன்வால்சர்டால் பள்ளத்தாக்கு 1891-லிருந்தும் ஜெர்மனியின் சுங்க அன்ஷ்லுஸ் பகுதிகளாக இருந்தன. காரணம் ரொம்பச் சாதாரணம்: மலை வழி விடவில்லை, ஜெர்மனிப் பக்கம்தான் சாலை. யாரும் யாரையும் ஆக்கிரமிக்கவில்லை, பால்கட்டியும் மாடும் தடையில்லாமல் போய்வந்தன. சொல்லுக்கு இப்படியும் ஒரு கிராமத்து வாழ்க்கை இருந்திருக்கிறது. பேருக்காவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

பால்ஹவுஸ்பிளாட்ஸ் நிறுத்தம் சுருக்கம், அதுவே சரி. பிரதமர் அலுவலகத்தின் எதிரே நின்று 1938 மார்ச் 11 மாலையைச் சொன்னார். ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பதிலாக, 13-ஆம் தேதி சுதந்திர ஆஸ்திரியாவுக்காக வாக்கெடுப்பு என்று பிரதமர் ஷூஷ்னிக் அறிவித்திருந்தார். பெர்லின் கெடு விதித்தது, வாக்கெடுப்பை நிறுத்தினார், பதவி விலகினார், 'கடவுள் ஆஸ்திரியாவைக் காக்கட்டும்' என்று வானொலியில் முடித்தார். மறுநாள் காலை ஜெர்மன் படை எல்லை தாண்டியது. ஒரு விஷயத்தை அந்த அம்மா விடாமல் சொன்னதற்கு மதிப்பெண் போடலாம்: இந்த ஷூஷ்னிக்கும் ஜனநாயகவாதி இல்லை. நாடாளுமன்றம் 1933-லிருந்தே முடக்கப்பட்டு, கட்சிகள் தடை செய்யப்பட்டிருந்த ஆட்சி அது. சமூக ஜனநாயகவாதிகள் ஹிட்லர் பதவிக்கு வந்த அதே 1933-இல் தங்கள் திட்டத்திலிருந்து அன்ஷ்லுஸ் கோரிக்கையை எடுத்துவிட்டார்கள், ஆனால் அடுத்த ஆண்டே அவர்கள் கட்சிக்கும் தடை.

ஹெல்டன்பிளாட்ஸ் திடலில்தான் என் முதல் குறை. மார்ச் 15-இல் ஹிட்லர் நோயே புர்க் மாளிகையின் மாடத்திலிருந்து பேசியது, திடலில் பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தது எல்லாம் எல்லாரும் படத்தில் பார்த்ததுதான். அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம். வெயிலுக்கு ஒதுங்க இடம் இல்லை. குழுவில் வயதான தம்பதி ஒருவர், பாவம், சிலையின் பீடத்தருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மாளிகைக்குள்ளேயே 2018-இல் திறந்த ஆஸ்திரிய வரலாற்று இல்லம் இருக்கிறது. மாடத்தின் முன்னாலுள்ள உட்பகுதிக்கு, ஆஷ்விட்ஸ் முகாமில் பெண்கள் இசைக்குழுவை நடத்தி அங்கேயே இறந்த வியன்னா வயலின் கலைஞர் அல்மா ரோஸேயின் பெயரை வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அதைப் போகிற போக்கில் சொன்னார், உள்ளே கூட்டிப்போகவில்லை. கட்டணத்தில் அது சேராதாம். சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

ஆனால் அதே திடலில்தான் மிகச் சிறந்த தாளும் கைக்கு வந்தது. 1938 ஏப்ரல் 10 வாக்குச்சீட்டின் நகல். இதை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நடுவில் பெரிய வட்டம், மேலே 'ஆம்'. வலப்பக்கம் ஓரமாக ஒரு குட்டி வட்டம், 'இல்லை'. பென்சிலை வைத்தால் தானாகவே பெரிய வட்டத்துக்குள் விழும்போலிருக்கிறது. கேள்வி ஒன்று, விஷயம் இரண்டு: மார்ச் 13-இல் நடந்ததற்கு நீ உடன்படுகிறாயா, நம் தலைவர் அடால்ஃப் ஹிட்லரின் பட்டியலுக்கு வாக்களிக்கிறாயா? ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று சொல்ல வழியே இல்லை. கேட்பதும் 'நீ' என்று. அரசாங்கத் தாளில் முன்பின் தெரியாத குடிமகனை ஒருமையில் அழைக்கும் உரிமையை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யூதர்களுக்கும் அரசியல் எதிரிகள் பலருக்கும் வாக்கு இல்லை. ஆஸ்திரியாவில் முடிவு 99.7 சதவீதம் ஆம்.

"இதில் அன்ஷ்லுஸ் எங்கே இருக்கிறது, தேடுங்கள்" என்றார் அந்த அம்மா. தேடினோம். இல்லை! சீட்டில் இருக்கும் சொல் வீடர்ஃபெரைனிகுங், அதாவது மறுபடி ஒன்றாதல். மார்ச் 13-இன் சட்டத்தின் தலைப்பிலும் அதே சொல்தான். ஊர் பேச்சிலும் பத்திரிகையிலும் அன்ஷ்லுஸ், அரசிதழில் மறுபடி ஒன்றாதல். காரணம் விளங்குகிறது. இணைப்பு என்றால் இரண்டு தனி நாடுகள் இருந்தன என்று ஒத்துக்கொள்ள வேண்டும், யார் யாரோடு இணைந்தார் என்ற கேள்வி வரும். மறுபடி ஒன்றாதல் என்றால் முன்னே பிரிந்தது ஒரு தவறு, இப்போது வீடு திரும்பியாயிற்று. எதிலிருந்து பிரிந்தது? 1871-இல் பிஸ்மார்க் கட்டிய ஜெர்மன் பேரரசில் ஆஸ்திரியா ஒருநாளும் இருந்ததில்லை. 1866 போரில் பிரஷ்யா அதை ஜெர்மன் கூட்டிலிருந்து வெளியே தள்ளியதை நினைத்தால்தான் அந்த 'மறுபடி' கொஞ்சமாவது நிற்கும்.

அந்த நேரத்தில், முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்ஸிக் நகரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கை தூக்கினார். "அப்படியென்றால் 1990-இல் எங்களுக்கு நடந்தது என்ன?" குழு கப்சிப். அந்த அம்மா சிரிக்கவில்லை, நழுவவும் இல்லை. சட்டப்படி அது பைட்ரிட், அதாவது சேர்தல். கிழக்கு ஜெர்மனியின் மக்கள் மன்றம் ஆகஸ்ட் 23-இல் வாக்களித்து, மேற்கின் அடிப்படைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் வழியே அக்டோபர் 3-இல் சேர்ந்தது. ஊர் பேச்சில் அதற்கும் மறுபடி ஒன்றாதல் என்றே பெயர். கசப்பில் இருந்தவர்கள் அன்ஷ்லுஸ் என்றார்கள். ஆனால் கிழக்கில் அதற்கு ஆறு மாதம் முன்பு சுதந்திரமான தேர்தல் நடந்தது, எல்லையில் டாங்கி நிற்கவில்லை, இல்லை என்பவருக்கும் அதே அளவு வட்டம் இருந்தது என்று முடித்தார். லைப்ஸிக்காரருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு இந்த இரண்டரை மணி நேரத்தில் இதுதான் காசுக்குத் தகுந்த ஐந்து நிமிடம்.

அண்ணன் மகன் என் காதில் "சித்தப்பா, நம்ம பேப்பர்ல பாண்டிச்சேரிக்கும் இணைப்புன்னுதானே போடுவாங்க" என்றான். போடுவார்கள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியா பக்கம் நின்றதற்கும் இணைப்பு, ஐதராபாத்துக்குள் 1948-இல் படை போனதற்கும் இணைப்பு. நல்ல கேள்விதான், ஆனால் அதைப் பேச இன்னொரு சுற்றுலா வேண்டும் என்று அவனை நடக்கச் சொன்னேன்.

அல்பெர்ட்டினாபிளாட்ஸ். ஓபரா மாளிகைக்குப் பின்னால், சாசேஜ் கடைக்கு எதிரே. ஆல்ஃப்ரெட் ஹர்ட்லிட்ச்கா 1988-இல் வடித்த போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான நினைவுச்சின்னம் இங்கே இருக்கிறது. நுழைந்ததும் கண்ணில் படுவது தரையில் குப்புறக் கிடந்து துலக்கும் ஒரு வெண்கல முதியவர். ஷூஷ்னிக்கின் வாக்கெடுப்புக்காகத் தெருவில் பெயிண்டால் எழுதியிருந்த வாசகங்களை, படை நுழைந்த நாட்களில் யூதர்களை மண்டியிட வைத்துத் தேய்த்து அழிக்கச் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். செய்யச் சொன்னவர்களில் உள்ளூர்க்காரர்கள் நிறைய. சின்னம் வைத்த பிறகு களைத்த சுற்றுலாப் பயணிகள் அந்த முதுகில் உட்கார்ந்து இளைப்பாறினார்களாம், அதனால் முதுகில் முள்கம்பி வைக்க வேண்டியதாயிற்று. நாங்கள் நின்றபோது ஒரு சிறுவன் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான், அவன் அம்மா கையைத் தட்டிவிட்டார். இந்த இடத்தில் முன்பு நின்ற பெரிய குடியிருப்பு 1945 மார்ச் 12-இல் குண்டு விழுந்து இடிந்தது. படை நுழைந்து ஏழு ஆண்டு நிறைந்த அதே தேதி. பாதாள அறையில் ஒதுங்கியிருந்த நூற்றுக்கணக்கானோர் அங்கேயே புதைந்தார்கள்.

அதே சின்னத்தில் ஒரு நெட்டைக் கல்லில் 1945 ஏப்ரல் 27 சுதந்திரப் பிரகடனத்தின் பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. பிரகடனத்தின் இரண்டாம் பிரிவை அந்த அம்மா தாளிலிருந்து வாசித்தார்: 1938-இல் ஆஸ்திரிய மக்கள்மீது திணிக்கப்பட்ட அன்ஷ்லுஸ் செல்லாது. பிறகு கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரைச் சுட்டினார். கார்ல் ரென்னர். 1918-இல் 'ஜெர்மன் குடியரசின் ஓர் அங்கம்' என்ற வரி வந்தபோது பிரதமராக இருந்தவர் இவர். 1938 ஏப்ரல் 3-இல், வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, 'நான் ஆம் என்று வாக்களிப்பேன்' என்று வியன்னா நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தவரும் இவரே. 1945-இல் அதே இணைப்பு செல்லாது என்று அறிவித்த அரசின் தலைவரும், அதன்பின் குடியரசுத் தலைவரும் இவரே. நாங்கள் நடக்கத் தொடங்கிய நாடாளுமன்றத்தின் முகவரி டாக்டர் கார்ல் ரென்னர் ரிங், 3. மூன்று ஆவணங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரே தாளில் நகல் எடுத்திருந்தார். அவரைத் திட்டவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. நான் திட்டுவேன். 1918-இல் கேட்டதைப் புரிந்துகொள்ளலாம், 1938-இல் அந்த வாக்குச்சீட்டைப் பார்த்த பிறகும் ஆம் என்று பேட்டி கொடுத்ததை எப்படிப் புரிந்துகொள்வது?

'திணிக்கப்பட்ட' என்ற அடைமொழிக்குள் இன்னொரு வசதியும் ஒளிந்திருந்தது. 1943 நவம்பரில் வெளியான மாஸ்கோ அறிவிப்பில் நேச நாடுகள் ஆஸ்திரியாவை ஹிட்லரின் முதல் பலி என்று எழுதியிருந்தன. அதே அறிவிப்பில் ஆஸ்திரியாவுக்கும் பொறுப்பு உண்டு என்ற வரியும் இருக்கிறது. முதல் பாதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள், மறு பாதி அலமாரிக்குள் போயிற்று. 1986-இல் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர் வால்ட்ஹைம் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அவருடைய போர்க்கால ராணுவப் பணி சர்ச்சையாக வெடித்தது. 1991 ஜூலையில்தான் பிரதமர் ஃப்ரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் நின்று ஆஸ்திரியர்களின் பங்கை ஒத்துக்கொண்டார். இன்று ஆஸ்திரிய வரலாற்றாசிரியர்கள் பலர் அன்ஷ்லுஸ் என்பதை மேற்கோள் குறிக்குள் வைத்தே எழுதுகிறார்கள். அந்த அம்மா பேசும்போதும் இரண்டு கை விரல்களையும் மடக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது, போகப் போக இல்லை. நேச நாடுகளோடு ஆஸ்திரியா செய்துகொண்ட 1955 அரசு ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு ஜெர்மனியோடு அரசியல், பொருளாதார இணைப்பு எந்த வடிவிலும் கூடாது என்று தடுக்கிறது. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனபோது ஆஸ்திரியா எடுத்துக்கொண்ட சொல் பைட்ரிட். வேறு எதைத்தான் எடுக்க முடியும்?

முடிவு ஸ்டெஃபான் பேராலயத்தின் வாசலில். பெரிய வாசலுக்கு வலப்பக்கச் சுவரில் O என்ற வட்டமும் 5 என்ற எண்ணும். எதிர்ப்பு இயக்கத்தின் குறி. ஐந்தாவது எழுத்து 'ஈ', அதை வட்டத்தோடு சேர்த்தால் ஆஸ்திரியாவின் ஜெர்மன் பெயரான ஓஸ்டரைஷின் முதல் ஒலி. நாட்டின் பெயரையே வரைபடத்திலிருந்து எடுத்து ஓஸ்ட்மார்க் என்று வைத்திருந்த காலத்தில், பெயரின் முதலெழுத்தைச் சுவரில் எழுதுவதே குற்றம். இதைக் கூட்டத்தின் இரைச்சலில், குதிரைவண்டிகளின் டக்டக் சத்தத்தில், அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். ஹெல்டன்பிளாட்ஸில் செலவழித்த நேரத்தில் பாதி இங்கே வந்திருக்க வேண்டும்.

இனி நடைமுறை. காதில் மாட்டும் கருவி கொடுக்கிறார்கள், டிராம் போகும்போதெல்லாம் கரகரக்கிறது. சொந்த இயர்போன் கொண்டு போனால் சற்றே பரவாயில்லை, ஆனால் சத்தம் கருவியிலிருந்துதான் வருகிறது, எங்கள் இருவர் கருவியிலும் அதே கதை. குழு பெரிது. பின்னால் நின்றால் தாள் கைக்கு வருவதற்குள் முன்னால் அடுத்த கதை தொடங்கிவிடும், அதனால் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். தாள்களின் எழுத்து பொடி, நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம். வழியில் கழிப்பறைக்கு நிற்பதில்லை. வழிகாட்டியின் ஜெர்மன் தெளிவாக, நிதானமாக இருக்கிறது, வியன்னா வழக்கு அதிகம் கலக்கவில்லை. ஜெர்மன் மொழியில் பி1 (இடைநிலை) தேர்வு தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் புரியும், சட்ட வாசகங்களில் திணறலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், அல்பெர்ட்டினாபிளாட்ஸில் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பீர்கள். மதியத்தைவிடக் காலைக் குழு மேல், திடலில் வெயில் குறைவு.

ஒரு பெரிய விடுதல் உண்டு, அதை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாம் வட்டாரத்தில், டான்யூப் ஆற்றங்கரையில், மெக்ஸிகோபிளாட்ஸ். 1938 மார்ச்சில் சர்வதேச சங்கத்தில் அதிகாரபூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்த ஒரே நாடு மெக்ஸிகோ, அந்த நன்றிக்காக 1956-இல் இந்தப் பெயர். அங்குள்ள கல்லில் அன்ஷ்லுஸ் தனியாக இல்லை, 'வன்முறையான' என்ற சொல் முன்னால் நிற்கிறது. தூரம் என்பதால் சுற்றுலாவில் இதைச் சேர்க்கவில்லையாம். பேராலயத்தின் அடியிலிருந்தே யு1 மெட்ரோ வண்டி கிடைக்கிறது. ஃபோர்கார்டன்ஷ்ட்ராஸ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், வண்டி மாற வேண்டியதில்லை.